இதுதானா அந்த வலி?

நாற்காலியைச் சாய்த்துவிட்டு, மருத்துவர் தம் இரண்டு விரல்களை என் வலது கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னும் கீழுமாக வைத்து அழுத்தினார். வலித்தது. சொன்னேன். அந்த இடத்தை அதற்கு முன் எத்தனையோ பேர் அழுத்தியிருக்கிறார்கள். வலிக்கிறது என்றதும் தலையசைத்து, குறித்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. "கடந்த 30 நாட்களாக உங்களுக்கு வந்துகொண்டிருக்கும் வலி இதுதானா? இல்லை, நான் அழுத்துவதால் மட்டும் வரும் வேறு வலியா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளாக, காலையில் கண் விழிக்கும்போதே இரவெல்லாம் எதையோ அரைத்துக் களைத்தவைபோல் கன்னங்கள் கனக்கும். கொட்டாவி வந்தால் பயம். ஓர் ஆப்பிளை முழுதாகக் கடித்து எத்தனை காலம் ஆயிற்று என்பது நினைவில் இல்லை. மேல் கடைவாய்ப் பல்லில்தான் வலி என்று நானும் நம்பினேன், பார்த்தவர்களும் நம்பினார்கள். முதலில் வேர் சிகிச்சை. அப்புறம் பல்லையே பிடுங்கினார்கள். பல் போயிற்று, வலி அங்கேயே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று எல்லோரும் சொல்வார்கள். பல்லைக் கடிப்பதே வலியாக இருக்கும்போது அந்தச் சொல் காதில் விழுவதே கொடுமை.

அந்தக் கேள்வி அவருடைய தனிப்பட்ட பரிவு என்றுதான் அன்று நினைத்தேன். அது எழுதி வைக்கப்பட்ட விதி என்பது பிறகு தெரிந்தது. தாடை மூட்டு, மெல்லும் தசை நோய்களைக் கண்டறிவதற்கான அனைத்துலக நெறிமுறை ஒன்று 2014இல் வெளியானது. கன்னத்தின் மெல்லும் தசையை ஏறக்குறைய 1 கிலோ அளவு விசையுடன் 2 விநாடி அழுத்த வேண்டும் என்கிறது அது. வலித்தால் மட்டும் போதாது. அது நோயாளிக்கு ஏற்கெனவே தெரிந்த வலிதானா என்று கேட்டாக வேண்டும். நலமாக இருப்பவர்களிலும் சிலருக்கு அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கும். அது நோய் அல்ல. தன்னோடு குடியிருக்கும் வலியை அவரே அடையாளம் காட்டினால்தான் நோய்.

அதன் பிறகு படிக்கத் தொடங்கினேன். வெறி பிடித்தவர்போல் என்றுகூடச் சொல்லலாம். என் கன்னத்துக்குள் என்ன நடக்கிறது என்று யார் எழுதியிருந்தாலும், நாலைந்து பக்கங்களுக்குள் அது எலியிலோ சுண்டெலியிலோ போய் நின்றது. நரம்பணு எப்படிக் கூர்மையடைகிறது, எந்த வேதிப்பொருள் எந்த வாயிலைத் திறக்கிறது, வலி ஏன் ஓய மறுக்கிறது என்பவற்றில் நமக்குத் தெரிந்த பெரும்பகுதி அந்தச் சிறிய உடல்களிலிருந்து வந்தது. எந்த நோயாளியும் தன் முகத்தின் உணர்வு நரம்பணுக்கள் திரண்டிருக்கும் முடிச்சை வெட்டிக் கொடுக்க முடியாது. ஆனால் எலியிடம் கேட்க முடியாத ஒன்று உண்டு. என் நோயைக் கண்டுபிடித்த அதே கேள்விதான் அது. இதுதானா அந்த வலி?

வாயை மூடிப் பற்களை அழுத்தினால் கன்னத்தில் புடைத்துக்கொண்டு வருகிறதே, அதுதான் மாசீட்டர். நெற்றிப்பொட்டில் விரல் வைத்தால் அசைவது இன்னொரு தசை. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் மேலும் இரண்டு. இவற்றின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. அந்தச் செய்தி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு நரம்பணுக் கூட்டத்துக்கு வந்து சேர்கிறது. பற்களிலிருந்தும் தோலிலிருந்தும் மூட்டிலிருந்தும் வரும் செய்திகளும் அங்கேதான் வருகின்றன. பல சமயம் ஒரே நரம்பணுவின்மேல் வந்து விழுகின்றன. தசை அழுதால் பல் அழுவதாக மூளை எடுத்துக்கொள்வதற்கு வழி அங்கேயே இருக்கிறது.

லண்டனில் தாமஸ் லூயிஸின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜோனஸ் கெல்கிரன் என்ற இளம் மருத்துவர் 1938இல் இதைத் தம் உடலிலேயே பார்த்தார். அடர்ந்த உப்புநீரைத் தம் தசைகளிலும், முன்வந்த தன்னார்வலர்களின் தசைகளிலும் ஊசியால் செலுத்தி, வலி எங்கே தெரிகிறது என்று குறித்தார். மெல்லும் தசையில் போட்ட உப்புநீர் பல்வலியாகத் தெரிந்தது. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. என் பல்லைப் பிடுங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தச் செய்தி அச்சில் இருந்திருக்கிறது.

அதே உப்புநீர்தான் பின்னால் விலங்குகளின் தாடைத் தசைக்குள்ளும் போனது. அதனால் கிடைத்த ஒரு பயனை நானே அனுபவித்தேன் என்பதால் அதை முதலில் சொல்ல விரும்புகிறேன். வலியால் தசை இறுகுகிறது, இறுக்கத்தால் மேலும் வலிக்கிறது, அந்தச் சுழலை உடைக்க வேண்டும் என்று பலர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினேன். பகலெல்லாம் தூக்கம் வந்தது, வலி அசையவில்லை. மான்ட்ரியல் ஆய்வாளர் ஜேம்ஸ் லண்டும் உடன் பணியாற்றியவர்களும் 1991இல் அந்தச் சுழலை மறுத்து எழுதினார்கள். வலிக்கும் தசை இறுகுவதில்லை, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். பின்னர் முயல்களின் மாசீட்டரில் உப்புநீர் செலுத்திப் பார்த்தபோது மெல்லும் தாளம் மெதுவாயிற்று. நான் மெல்லுவதும் அப்படித்தான்: மெதுவாக, பயந்து, பாதி வாயோடு. என் தசை கெட்டுப்போகவில்லை, ஒதுங்கி நிற்கிறது என்று புரிந்த பிறகுதான் அதை மறுபடி வேலைக்குப் பழக்கும் பயிற்சிக்கு என் மனம் ஒப்பியது.

ஆனால் உப்புநீர் வலி சில நிமிடங்களில் போய்விடும். நாள்பட்ட வலி என்றால் மருத்துவத்தில் மூன்று மாதங்களைத் தாண்டிய வலி. அதை எலியின் கன்னத்தில் எப்படி உண்டாக்குவது? மிக அதிகமாகக் கையாளப்பட்ட வழி ஃபிராயிண்ட் கலவை. வெப்பத்தால் கொன்ற காசநோய்க் கிருமி வகையை எண்ணெயில் கலந்து மாசீட்டருக்குள் செலுத்துகிறார்கள். கன்னம் வீங்கும், சிவக்கும். தொட்டால் எலி தலையை இழுத்துக்கொள்ளும். இது நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் கேராஜீனனும் அதேபோல் அழற்சியை உண்டாக்கும். இந்த ஆய்வுகளிலிருந்து நிறையக் கற்றிருக்கிறோம். அழன்ற தசையில் எந்த நரம்பிழைகள் விழித்துக்கொள்கின்றன, மூளைத்தண்டின் அணுக்கள் எப்படிச் சிறு தொடுகைக்கும் கத்தத் தொடங்குகின்றன, மூளையிலிருந்து இறங்கி வந்து வலியை அடக்கும் பாதைகள் எப்படிச் சில வேளை அதைத் தூண்டும் பாதைகளாக மாறுகின்றன என்பவை அவற்றில் சில.

எனக்குள்ள மனக்குறை வேறு. என் கன்னம் ஒருநாளும் வீங்கியதில்லை. என்னைப்போல் தசைவலி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தசையில் வெளிப்படையான அழற்சி இருப்பதில்லை. படமெடுத்தால் சுத்தமாக இருக்கும். "ஒன்றுமில்லையே" என்பார்கள். அந்தச் சொல் எத்தனை பேரை அழவைத்திருக்கும்! இன்னொன்றும் உண்டு. அந்த எலியின் வலிக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. ஆய்வுக் குறிப்பேட்டில் அதற்குப் பூஜ்ஜியம் நாள் என்று பெயர், நேரம்கூட எழுதியிருப்பார்கள். என் வலி எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்? ஒரு குளிர்காலத்தில் இருந்தது, அதற்கு முன்பும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஊசி உண்டாக்கும் வலி எப்படித் தொடங்குகிறது என்பதை நன்றாகவே காட்டுகிறது. எனக்குத் தெரிய வேண்டியது அது ஏன் முடியவில்லை என்பது.

இந்த இடத்தில் கேத்லீன் ஸ்லூகாவும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை உலுக்கியது. அது தாடையில் செய்யப்பட்டதல்ல, எலியின் கெண்டைக்கால் தசையில் செய்யப்பட்டது. லேசாக அமிலமாக்கிய உப்புநீரை, பி.எச். அளவு 4, ஒரு சிறு துளியளவு செலுத்தினார்கள். ஐந்து நாள் கழித்து அதே தசையில் மறுபடி ஒரு முறை. தசை சிதையவில்லை. ஆனால் எலி வாரக்கணக்கில், சிறு தொடுகைக்கும் வலிக்கும் கூருணர்வோடு இருந்தது. அதுவும் ஊசி போட்ட காலில் மட்டுமல்ல, போடாத காலிலும்! வலி நிலைபெற்ற பிறகு ஊசி போட்ட தசையை மரத்துப்போகச் செய்தாலும் மறுகாலின் வலி போகவில்லை. அப்படியென்றால் வலி அந்தத் தசையை விட்டுக் கிளம்பி, மைய நரம்பு மண்டலத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. வீக்கம் இல்லாத, சிதைவு இல்லாத, மறுபக்கத்துக்குத் தாவிய வலி. எனக்கு வலது கன்னத்தில் இருந்தது இரண்டாம் ஆண்டில் இடப்பக்கமும் வந்தது. இரண்டு பக்கமும் வலித்தால் மனத்தில்தான் கோளாறு என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த எலியின் மனத்தில் என்ன கோளாறு இருந்திருக்கும்?

தாடையிலேயே நீண்ட வலியை உண்டாக்க வேறு முயற்சிகளும் நடந்தன. மேரிலாந்தில் ஒரு குழு மாசீட்டரின் முன்பக்கத் தசைநாணை நூலால் கட்டிப் பார்த்தது; கூருணர்வு ஏறக்குறைய இரண்டு மாதம் நீடித்தது. எலியின் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் என்பதை நினைத்தால் அது சிறிய காலம் அல்ல. பெய்ஜிங்கில் ஒரு குழு எலியின் கடைவாய்ப் பல்லில் அரை மில்லிமீட்டர் அளவுகூட உயரமில்லாத உறையைப் பொருத்தியது. கடி சற்றே மாறியதும் மெல்லும் தசைகளில் வாரக்கணக்கில் கூருணர்வு வந்தது.

இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பேசுவேன். ஆய்வின்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை எடுத்துக்காட்டி மனிதரின் நல்ல பற்களைத் தேய்க்கிறவர்கள்மேல்தான். இத்தாலிய ஆய்வாளர்கள் 2005இல் நலமான இளம் பெண்கள் சிலரின் பல்லில் அதேபோல் சிறு மேடு ஒட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய மாசீட்டரின் அன்றாடச் செயல்பாடு குறைந்தது, நோய் வரவில்லை. சில நாட்களில் பழகிக்கொண்டார்கள். எலிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. இதில் வியப்பில்லை. எலியின் தாடை நம்முடையதைப்போல் இல்லை. அதன் தாடை மூட்டுக்குழி தட்டையானது. நமக்கு இருக்கும் எலும்பு மேடு அதற்கு இல்லை. அது தாடையை முன்னும் பின்னும் நகர்த்தி அரைக்கிறது. முன்பற்களால் கொறிக்கும்போது கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கொறிக்காவிட்டால் வாயை மீறி வளரும். கொறிப்பதற்காகவே செதுக்கப்பட்ட அந்த முகத்தில் மாசீட்டரின் ஒரு பகுதி கண்ணுக்கு முன்னால் உள்ள எலும்புத் துளை வழியாக நுழைந்து மூக்குப் பக்கம்வரை போகிறது. இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவில் நரம்பணு மட்டும் ஏறக்குறைய ஒரே மொழி பேசுகிறது. எலியிடம் நரம்பைப் பற்றிக் கேட்கலாம். கடி பொருந்துவதைப் பற்றி அதனிடம் கேட்பது எனக்குப் புரியவில்லை. தாடையின் இயக்கத்தையே ஆராய வேண்டுமென்றால் பன்றி இன்னும் பொருத்தமான விலங்கு. அதன் தாடை மூட்டு அளவிலும் அமைப்பிலும் நம்முடையதற்கு நெருக்கமானது.

சரி, வலியை உண்டாக்கியாயிற்று. அது இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜெர்மன் உடலியலாளர் மாக்ஸ் ஃபான் ஃப்ரே 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வெவ்வேறு தடிமனுள்ள முடிகளைக் குச்சியில் ஒட்டித் தோலின் உணர்வை அளந்தார். இன்று நைலான் இழைகள் வந்துவிட்டன. பெயர் மட்டும் அவருடையது. எலியின் கன்னத்தில் அந்த இழை வளையும்வரை அழுத்துகிறார்கள். எத்தனை கிராமில் தலையை இழுக்கிறது என்பதுதான் பதில். எண்ணற்ற ஆய்வுகளின் தரவு அந்த ஒரு தலையிழுப்பில் நிற்கிறது.

வலிக்கிறவளாகச் சொல்கிறேன்: என் கன்னத்தை யாரும் இழையால் தொடுவதில்லை. தொட்டால் கூசுகிறதா என்பது என் வாழ்க்கையின் பிரச்சினையே இல்லை. யாரும் தொடாதபோது வலிக்கிறது. பேசினால் வலிக்கிறது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் நான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தோலின்மேல் குத்தும் ஓர் இழை, ஆழத்தில் கிடக்கும் தசையின் பாட்டை எப்படிச் சொல்லும்?

இதை உணர்ந்தவர்கள் ஆய்வுக்கூடத்திலும் இருந்தார்கள் என்று கண்டபோது எனக்கு உண்டான நன்றியைச் சொல்லி முடியாது. டெக்சஸில் ஒரு குழு எலியைத் தொடவே இல்லை. கூண்டில் உணவுக் குளிகைகள் எப்போது எடுக்கப்படுகின்றன என்பதைக் கணினி பார்த்துக்கொண்டிருந்தது. தாடை மூட்டு அழன்ற எலி ஒவ்வொரு வேளை உணவுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் நீண்டது. அந்தக் கட்டுரையைப் படித்தபோது நான் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன், எதிரே பாதி தட்டு. என்னை யாரோ பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

இன்னொரு கருவி 2010இல் வெளியானது. குறுகிய குழாயில் விடப்பட்ட சுண்டெலி, வெளியேற வேண்டுமானால் வழியை அடைத்திருக்கும் இரண்டு சிறு குச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொறித்து அறுக்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் கருவியே குறித்துக்கொள்ளும். மனித விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. மெல்லும் தசை அழன்ற சுண்டெலிக்கு நேரம் கூடுகிறது. வலி நீக்கும் மருந்து கொடுத்தால் குறைகிறது. கொறிப்பது சுண்டெலியின் பிழைப்பு. அதன் பிழைப்பில் வலி எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்று கேட்பது, தலையிழுப்பைவிட எவ்வளவோ நேர்மையான கேள்வி.

அதே 2010இல்தான் மான்ட்ரியலில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் சுண்டெலியின் முகச்சுளிப்பை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காது பின்னுக்குப் போவது, மீசை மாறுவது. அடுத்த ஆண்டு எலிக்கும் அது வந்தது. எலியின் மூக்கும் கன்னமும் புடைப்பதில்லை, தட்டையாகின்றன. இரையாகும் விலங்கு வலியை மறைக்கும் என்பார்கள். ஆனாலும் முகம் சொல்லிவிடுகிறது. நாள்பட்ட வலியில் இது அவ்வளவாக உதவுவதில்லை, முதல் சில நாட்களுக்குத்தான் முகம் காட்டிக்கொடுக்கிறது. என்னையும் பார்த்தால் தெரியாது. நான்காம் ஆண்டில் யாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிவதில்லை.

அந்தக் கேள்விக்கு மிக அருகில் போன சோதனை என்று நான் கருதுவது 2009இல் வெளியானது. நரம்பில் காயப்பட்ட எலிக்கு இரண்டு அறைகள். ஓர் அறையில் இருக்கும்போது வலியை மட்டும் அடக்கும் மருந்து; மற்ற அறையில் வெறும் உப்புநீர். பிறகு கதவைத் திறந்துவிட்டால் அது மருந்து கிடைத்த அறைக்குப் போய் நின்றது. காயமில்லாத எலிக்கு அந்த அறைமேல் எந்தப் பிரியமும் இல்லை, ஏனென்றால் அதற்கு நீங்குவதற்கு ஒன்றும் இல்லை. யாரும் தொடாதபோதும் ஏதோ ஒன்று அந்த எலிக்குள் இருந்தது. அது நீங்கிய இடத்தை எலி நினைவில் வைத்துக்கொண்டது. இதுதானா அந்த வலி என்று வாயால் கேட்க முடியாவிட்டாலும், அது இல்லாத இடம் எது என்று கேட்க முடியும்போல. தாடை வலி ஆய்வுகளில் இந்த வகைச் சோதனைகள் பெருக வேண்டும் என்பது என் ஆசை.

எந்த எலி என்பதும் கேள்விதான். இந்த நோய் பெண்களுக்கு அதிகம். பிள்ளை பெறும் வயதுக் காலத்தில் மிக அதிகம். மோகிலும் சந்தா என்ற இன்னோர் ஆய்வாளரும் 2005இல் வலி ஆய்வுக்கான முதன்மை இதழ் ஒன்றின் முந்தைய பத்தாண்டுக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தபோது, விலங்கு ஆய்வுகளில் 79 விழுக்காடு ஆண் விலங்குகளில் மட்டுமே செய்யப்பட்டிருந்தன. பெண் எலியின் இனப்பெருக்கச் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்பது அன்றைய சமாதானம். குழப்பம் என்று ஒதுக்கி வைத்ததே என் நோயின் பாதியாக இருந்தால்? பிரையன் கெய்ர்ன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் ஓர் அழகான காரியம் செய்தார்கள். நரம்பைத் தூண்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை மனிதரின் மாசீட்டரிலும் செலுத்தினார்கள், எலியின் மாசீட்டரிலும் செலுத்தினார்கள். பெண்கள் ஆண்களைவிட அதிக வலி என்றார்கள். பெண் எலியின் தசை நரம்பிழைகள் ஆண் எலியின் இழைகளைவிட அதிகமாகத் துடித்தன. மனிதர் சொல்லும் சொல்லும் எலியின் நரம்பு காட்டும் துடிப்பும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து நின்றன. மிகையாகச் சொல்கிறாள் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! எலி மிகையாகச் சொல்லாது.

ஊசி போடுகிறவர் ஆணா பெண்ணா என்பதுகூட முடிவை மாற்றும் என்று 2014இல் தெரிந்தது. ஆண்களின் வாசனையே எலிகளையும் சுண்டெலிகளையும் மிரளவைத்து வலி வெளிப்பாட்டை அடக்கிவிடுகிறது. அறைக்குள் யார் இருந்தார் என்று குறிக்காத பழைய தரவுகளை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

எனக்குக் கன்னம் மட்டுமா வலிக்கிறது? தலைவலி உண்டு. வயிறு அடிக்கடி கோளாறு செய்யும். அமெரிக்காவில் நோயில்லாத ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்றில் ஆண்டுக்கு 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்குத் தாடை வலி புதிதாக வந்தது. அதை முன்கூட்டியே காட்டிய அறிகுறிகளில் வலுவானது, உடலின் மற்ற இடங்களில் ஏற்கெனவே இருந்த பல்வகை உபாதைகள். எலியிலும் இதைத் தேடினார்கள். பெண் எலியின் மாசீட்டரை அழலச் செய்து, அதோடு நாள்தோறும் நீந்த வைத்து மன அழுத்தமும் கொடுத்தபோது, யாருமே தொடாத குடல் வாரக்கணக்கில் கூருணர்வு அடைந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் வலி ஊர்ந்து போய் வேறோர் உறுப்பில் நிலைத்தது. ஒற்றை ஊசி மாதிரிகளைவிட இதில்தான் என்னை அதிகமாகப் பார்க்கிறேன்.

ஒரு மருந்தின் கதையையும் சொல்ல வேண்டும். 2005இல் 202 பெண்களின் மரபணுக்களைப் பார்த்து, அட்ரினலின் வகைப் பொருட்களைச் சிதைக்கும் ஒரு நொதியின் மரபு வேறுபாடுகளுக்கும் தாடை வலி வருவதற்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். எலியில் அந்த நொதியை முடக்கினார்கள், வலியுணர்வு கூடியது. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் காலங்காலமாகத் தரப்படும் புரோப்ரனலால் என்ற மருந்து அதைத் தடுத்தது. அங்கிருந்து மனிதருக்கு வந்தார்கள். 200 நோயாளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. முதன்மை அளவுகோலில் போலி மாத்திரையைத் தெளிவாக வெல்லவில்லை. ஆனால் வலி 30 விழுக்காடாவது குறைந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் கூடுதலாக இருந்தார்கள். பாதி வெற்றி. இருந்தாலும் மனிதரில் தொடங்கி, எலியிடம் போய்க் கேட்டு, மனிதரிடம் திரும்பி வந்த அந்தப் பாதை எனக்குப் பிடித்திருக்கிறது. எலியில் தொடங்கி நேராக மருந்துக்கடைக்கு ஓடியவை பல விழுந்திருக்கின்றன. பி பொருள் என்ற வலிப் பொருளின் வாயிலை அடைக்கும் மருந்துகள் விலங்குகளில் வேலை செய்தன, மனிதரின் வலியில் கைவிட்டன.

நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை மாசீட்டரில் மிகச் சிறிய அளவு செலுத்தினால், ஊசி போடும்போது ஒன்றும் தெரியாது. பின்னர் நாட்கணக்கில் மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலிக்கும். தன்னார்வலர்களில் 2003இல் கண்டது இது. என் வலிக்கு இதைவிட நெருங்கிய செயற்கை வலியை நான் எங்கும் படித்ததில்லை. அந்தப் புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள் மூட்டுத் தேய்மான வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டுகளே வேகமாகச் சிதைந்தன. 2021இல் அந்த முயற்சி நிறுத்தப்பட்டது. தாடை மூட்டை ஒட்டியே வலி இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய எச்சரிக்கை.

இத்தனையும் எழுதும்போது ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் போவதாக எனக்கே தெரிகிறது. இந்த விலங்குகளுக்கு உண்மையாகவே வலிக்கிறது. மற்ற ஆய்வுகளில் வலி வந்தால் மருந்து கொடுத்துவிடலாம். வலி ஆய்வில் வலிதான் பொருள், மருந்து கொடுத்தால் ஆய்வே இல்லை. முடிவில் அவற்றைக் கொன்றுதான் நரம்பணுத்திரளை எடுக்கிறார்கள். மாற்று இருந்தால் மாற்று, எண்ணிக்கையில் குறைப்பு, வேதனையில் தணிப்பு என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த நெறி இருக்கிறது. 1983இல் மான்ஃப்ரெட் ஸிம்மர்மன் வலி ஆய்வாளர்களுக்கென்றே எழுதிய நெறிகளில் ஒன்று என் மனத்தில் ஒட்டிக்கொண்டது: இயன்றால் அந்த வலியை ஆய்வாளர் முதலில் தம்மேல் செலுத்திப் பார்க்க வேண்டும். கெல்கிரன் அதைத்தான் செய்தார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்திருக்கிறது. அதனால் என் கன்னத்துக்காக எலியின் கன்னத்தில் ஊசி போடாதீர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. தயக்கத்தோடுதான், ஆனால் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். போட்டால் அதை வீணாக்காதீர்கள். ஆண் எலியை மட்டும் வைத்துப் பெண்களின் நோயை எழுதாதீர்கள். தலையிழுப்பை எண்ணிவிட்டு அதற்கு வலி என்று பெயர் வைத்து முடிக்காதீர்கள். அது சாப்பிடுகிறதா, எவ்வளவு நேரம் சாப்பிடுகிறது என்று பாருங்கள். முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் வெளியிடுங்கள். இல்லையென்றால் வேறொரு கூடத்தில் வேறொரு எலி அதே வலியை மறுபடி அனுபவிக்கும்.

போன மாதம் மறுபடி அந்த மருத்துவரிடம் போனேன். பத்து மாதங்களாகத் தாடைப் பயிற்சி, நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பற்களை விலக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம், தூக்கத்தைச் சீராக்கியது, மனநல ஆலோசகர் ஒருவருடன் வாரந்தோறும் பேச்சு. நாற்காலி சாய்ந்தது. அதே இரண்டு விரல்கள், அதே இடம், அதே 2 விநாடி.

"வலிக்கிறதா?"

"வலிக்கிறது."

"இதுதானா அந்த வலி?"

கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தேன். "இடப்பக்கம், ஆமாம்" என்றேன். "வலப்பக்கம் இல்லை. வலப்பக்கம் நீங்கள் அழுத்துவது மட்டும்தான் வலிக்கிறது."

அவர் குறித்துக்கொண்டார்.